பன்னிரண்டு எம்

ஜூன் 3, திங்கள்

148/96.

ரெண்டு வாரத்துக்குத் தினமும் காலையில் பிரஷர் பார்த்து எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். "நம்பர் மட்டும் எழுதுனாப் போதும்மா, கதையெல்லாம் வேண்டாம்" என்றார். நாற்பத்து நாலு வயதில் வாயையும் கட்டிக் கையையும் கட்டினால் பிரஷர் ஏறாமல் என்ன செய்யும்? கதையும் எழுதுவேன்.

நோட்டு கொடுத்தது என் வீட்டுக்காரர் ஞானசேகரன். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். வண்டி வந்த நேரம், போன நேரம் குறிக்கிற நீளமான பழைய நோட்டு, பாதி காலி. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் கட்டம் போட்டு, 'வண்டி எண்', 'ம.', 'நி.' என்று அச்சடித்திருக்கிறது. அவருடைய கட்டத்துக்குள் எல்லாம் நான் அடங்க மாட்டேன். குறுக்கேதான் எழுதுகிறேன்.

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பர் பாப்புவுக்குப் போன் போட்டேன். "அஞ்சே நிமிஷமுங்க்கா, வந்தர்றன்" என்றான். நான் ஆபீஸ் கிளம்பும்வரை வரவில்லை.

ஆபீஸ் போனதும் திருப்பூரிலிருந்து போன். நாங்கள் சாயப்பட்டறை மெஷின்களுக்கு பேனல் செய்கிற கம்பெனி. பேனல் என்றால் மெஷின் பக்கத்தில் நிற்கும் தொடுதிரை. எத்தனை நேரம் ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று அதில்தான் போடுவார்கள். அதற்குக் கையேடு எழுதுவதும், கெட்டுப்போனால் திட்டு வாங்குவதும் பதினோரு வருஷமாக என் வேலை. ஒரு பட்டறையில் நாலு ரோல் துணி பாழாகிவிட்டதாம். பேனலுக்குள் ஓடுகிற புரோகிராமின் புது பதிப்பை ஏற்றின அன்றைக்கே. நாளை நேரில் போகச் சொல்லிவிட்டார் வித்யாசாகர் சார். கம்பெனி அவருடையது. புது பதிப்பும் அவர் கையாலேயே எழுதியது. அதனால் அதில் தப்பு இருக்காது என்பது அவருடைய நம்பிக்கை.

ஜூன் 4, செவ்வாய்

150/96.

எட்டரை பஸ்ஸில் திருப்பூர். போய்ச் சேர்ந்ததும் மேனேஜர் கதிர்வேல்சாமி துணியைத்தான் முதலில் காட்டினார். கருநீலம் போட வேண்டியது. பாதி துணி கறுப்பாகவும் மறுபாதி வெளுத்த பள்ளிக்கூட யூனிஃபார்ம் மாதிரியும் இருந்தது. நடுவில் திட்டுத் திட்டாக வேறு.

அங்கே சாயம் போடுகிற முறையில், துணியைச் சாயத்தில் முக்கி, பெரிய உருளையில் சுற்றி, பாலித்தீன் போர்த்தி, பன்னிரண்டு மணி நேரம் மெதுவாகச் சுழலவிட வேண்டும். சுழற்சி நின்றால் சாயம் எல்லாம் கீழ்ப்பக்கம் இறங்கிவிடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து இருபதுக்குச் சுழலவிட்டிருக்கிறார்கள். ஐந்தரைக்கு ஷிப்டு முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். சுழல்கிற உருளை பக்கம் யாரும் போகக்கூடாது என்பது அங்கே சட்டம். சனிக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால், நாலு ரோல் துணியும் சுற்றிய உருளை நின்று கிடக்கிறது.

பேனலில் பதிவைத் திறந்தேன். ஒவ்வொரு தடவையும் என்ன போட்டார்கள் என்று அதில் நிற்கும்.

சுழற்சி நேரம்: 12m.

பன்னிரண்டு நிமிடம். ஐந்து முப்பத்திரண்டுக்கு நின்றுவிட்டது.

"பாத்தீங்களாங்க? எழுதப் படிக்கத் தெரியாத ஆளுகளை எல்லாம் மெஷின்ல உட்டா இப்படித்தானுங்க ஆகும்" என்றார் கதிர்வேல்சாமி, அவள் காதில் விழட்டும் என்றே.

அவள் என்றால் ஆபரேட்டர் மயிலாத்தாள். முப்பத்தொன்பது வயது. மடிப்பு வேலைக்கு வந்தவள், பதினாலு வருஷத்தில் மெஷின் ஆபரேட்டர் ஆகியிருக்கிறாள். அந்தப் பட்டறையில் வேறு பெண் ஆபரேட்டர் கிடையாது. சனிக்கிழமையிலிருந்து அவளை மெஷினைத் தொடவிடவில்லை. கூட்டுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். விசாரணை வைத்து, கவனக்குறைவு என்று எழுதி வெளியே அனுப்பப் போகிறார்களாம். அப்படி எழுதிவிட்டால் திருப்பூரில் எந்தப் பட்டறையிலும் அவளை மெஷின் பக்கம் சேர்க்க மாட்டார்கள்.

"நான் பன்னண்டு மணி நேரந்தானுங்க மேடம் போட்டன். பச்சை டிக் வந்துச்சுங்க. அதைப் பாத்துப்போட்டுத்தான் ஊட்டுக்குப் போனன்" என்றாள். துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, நேராக என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அழவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

ஜூன் 5, புதன்

152/98. பாப்பு வரவில்லை. கேட்டால் "கிளம்பிட்டனுங்க்கா" என்கிறான். எங்கிருந்து கிளம்பினான், இமயமலையிலிருந்தா?

ஜூன் 6, வியாழன்

154/98. உப்பைக் குறைத்துவிட்டேன். டென்ஷன் எதுவும் இல்லை.

வித்யாசாகர் சார் ரூமுக்குக் கூப்பிட்டார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு தமயந்தி? m-ன்னா மினிட். h-ன்னா ஹவர். s, m, h, d. உலகம் பூரா அதான் ஸ்டாண்டர்டு. ஆபரேட்டர் தப்பாப் போட்டுட்டாங்க. ரெண்டு வரி ரிப்போர்ட், முடிஞ்சுது."

"பழைய பேனல்ல ரெண்டு பெட்டி இருந்துச்சு சார். ஒண்ணுக்கு மேல மணி, இன்னொண்ணுக்கு மேல நிமிடம். அவங்க பாட்டுக்கு நம்பர் மட்டும் போட்டாங்க. நீங்கதான் ரெண்டையும் எடுத்துட்டு ஒரே பெட்டி வெச்சு, பக்கத்துல எழுத்துப் போடுன்னு மாத்துனீங்க."

"அது நீட்டா இருக்கு."

"நாலு ரோல் துணி நீட்டா இல்லையே சார்."

முகம் சுண்டிவிட்டது அவருக்கு. கையேடு எழுதுகிறவள் கையேட்டை மட்டும் பார்த்தால் போதும் என்றார். எனக்கு இருந்த கோபத்துக்கு அவருடைய டீயை நான் எடுத்துக் குடித்துவிட்டு வந்தேன். ரொம்பச் சர்க்கரை.

ஜூன் 7, வெள்ளி

151/97.

இன்றைக்கு அந்தப் பேனலின் பதிவு முழுவதையும் தாளில் எடுத்தேன். 12m என்ற ஒரு வரியைத்தான் எல்லோரும் பார்த்தோம். அதற்கு மேலே பதினேழு நிமிடம் முன்னால் இரண்டு வரி இருக்கிறது.

17.02 — தொட்டி கழுவும் நேரம்: 10n. ஏற்கப்படவில்லை.
17.03 — தொட்டி கழுவும் நேரம்: 10n. ஏற்கப்படவில்லை.
17.20 — சுழற்சி நேரம்: 12m. ஏற்கப்பட்டது.

n என்று ஒரு அளவே கிடையாது. கை தவறி ஒரு தடவை விழலாம், இரண்டு தடவை விழுமா? அரைமணி நேரம் அந்தத் தாளையே முறைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்து, காய் நறுக்கி வைத்துவிட்டு, எழுதலாம் என்று இந்த நோட்டைத் திறந்தேன். பக்கத்தின் தலையில் அச்சு எழுத்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. ம. நி.

அட கடவுளே!

மணிக்கு m. நிமிஷத்துக்கு n. அந்தம்மாள் ஒரு தப்பும் செய்யவில்லை. இரண்டு அளவையும் ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறாள், தமிழில். மெஷின் n-ஐத் துப்பிவிட்டது. m-ஐ மட்டும் ஒரு கேள்வி கேட்காமல் பச்சை டிக் போட்டு விழுங்கிவிட்டது.

நான் கத்திய கத்தில் ஞானசேகரன் குளியலறையிலிருந்து சோப்போடு ஓடி வந்தார். நோட்டைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "இதுல என்ன இருக்கு? இருபத்தாறு வருஷமா இப்படித்தான் அச்சடிக்கிறாங்க" என்றார். அதுதான் விஷயமே என்று சொல்லிவிட்டு ரசத்தைப் பொங்கவிட்டேன்.

ஜூன் 8, சனி

155/100.

மயிலாத்தாளுக்குப் போன் செய்தேன்.

"அந்த m என்னன்னு நினைச்சுப் போட்டீங்க?"

"மணிதானுங்களே மேடம். என்ற மகளுக்கு மெசேஜ் போடறப்பவும் அப்படித்தானுங்க போடுவன். ஆறு m-க்கு வந்தர்றேன்னு. அவளும் கரெக்டா அடுப்புப் பத்த வெச்சிருவா."

"அந்த 10n?"

"பத்து நிமிஷமுங்க. அதை மெஷின் வாங்கவே மாட்டீன்னுருச்சு. சரி, சனியன் போகுதுன்னு செவுத்துக் கடியாரத்தைப் பாத்துக் கையாலயே ஓட்டுனன். அப்பறம் பன்னண்டு m போட்டதும் டிக் வந்துச்சா, சரி, இது ஒத்துக்கிச்சுன்னு நெனச்சன்."

கடைசியாக ஒன்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். "கையேட்டுல பாக்கலியா?"

"பாத்தனுங்க மேடம். புக்கு கூரியர்ல வந்த அன்னைக்கே மூணு தடவ பாத்தன். எந்த எழுத்துப் போடறதுன்னு அதுல இல்லீங்க."

உண்மைதான், இல்லை. எந்த அளவுக்கு எந்த எழுத்து என்கிற அட்டவணை 41ஆம் பக்கத்தில் வர வேண்டியது. அச்சில் விட்டுப்போய்விட்டது. அச்சகத்துக்காரர்கள் லட்சணம் தெரியாதா!

பாப்பு வந்தான். வாஷர் வாங்கப் போகிறேன் என்று போனான். அவ்வளவுதான்.

ஜூன் 9, ஞாயிறு

162/102. நேற்று மாங்காய் ஊறுகாய் கொஞ்சம் கூடப் போட்டுக்கொண்டேன். வேறு காரணம் இல்லை.

ஜூன் 10, திங்கள்

160/102.

ரிப்போர்ட்டை நான் எழுதுவேன் என்று காத்திருந்து அலுத்துப்போய் வித்யாசாகர் சாரே எழுதிவிட்டார். 'ஆபரேட்டரின் கவனக்குறைவால் தவறான அளவு உள்ளிடப்பட்டது. கையேட்டில் தெளிவாக விளக்கப்பட்டுள்ளது.' கீழே என் பேரைப் போட்டு, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்.

"கையேட்டுல இல்லையே சார்."

"இருக்குன்னு நீங்கதான் சொல்லணும். உங்க கையேடு." ஒரு மாதிரியாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கையெழுத்துப் போடவில்லை. அந்த 10n வரிகளையும் சேர்த்தால் போடுகிறேன் என்றேன். "அது எதுக்கு? தேவையில்லாத டீடெயில்" என்றார். ஒரு பெண்ணின் பதினாலு வருஷம் இவருக்குத் தேவையில்லாத டீடெயில்.

சாயங்காலம் கதிர்வேல்சாமி எல்லோருக்கும் வாட்ஸப்பில் தகவல் அனுப்பினார், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து. மறக்காமலிருக்க இங்கே எழுதிவைக்கிறேன்: 'புதன் காலை 11 மணிக்கு ஆபரேட்டர் விசாரணை. முதலாளியம்மா வருகிறார்கள். எல்லோரும் சரியான நேரத்துக்கு வரவும்.'

ஜூன் 11, செவ்வாய்

166/104.

சரி, எழுதித் தொலைக்கிறேன். எட்டு நாளாக இந்த நோட்டுக்கே பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிரஷர் மெஷின் மட்டும்தான் இந்த வீட்டில் உண்மை பேசுகிறது.

அச்சகம் ஒன்றும் விட்டுவிடவில்லை. 41ஆம் பக்கத்தை எடுத்தது நான்.

மார்ச் மாதம், நாற்பது பக்கத்துக்குள் முடிக்கச் சொன்னார் வித்யாசாகர் சார். என்னிடம் 41 இருந்தது. எதை எடுக்கலாம் என்று புரட்டினேன். முகப்பில் கம்பெனி வரலாறு ஒரு பக்கம், சாரின் படத்தோடு. அதைத் தொட்டால் வம்பு. கடைசியில் சின்ன அட்டவணை: s நொடி, m நிமிடம், h மணி, d நாள். தலைப்போடு ஐந்து வரி. 'இதுகூடத் தெரியாதவங்க இருப்பாங்களா?' என்று நினைத்தேன். நினைத்ததோடு இல்லை, வாய்விட்டுச் சொன்னேன். சார் பக்கத்தில் இருந்தார். "அதானே!" என்றார். அவரும் நானும் சேர்ந்து சிரித்தோம்.

நேற்று அவர் சிரித்தது அந்தச் சிரிப்பு.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஆள் என்று கதிர்வேல்சாமி சொன்னபோது எனக்கு வந்த கோபமெல்லாம், அதே வார்த்தையை நான் மார்ச் மாதமே சொல்லிவிட்டேன் என்பதால்தான் வந்தது. அவள் மூன்று தடவை புரட்டியிருக்கிறாள். மூன்று தடவையும் சாரின் படத்தைத்தான் பார்த்திருப்பாள்.

ஞானசேகரனிடம் சொன்னேன். ஒரு பஸ்ஸுக்குத் தப்பாக நேரம் குறித்துவிட்டு, டிரைவர் மெமோ வாங்கினதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் ஒரு தடவை. பன்னிரண்டு வருஷம் ஆகிறதாம். "இன்னும் அந்த டிரைவர் வண்டி உள்ள வந்தா நான் தலையைக் குனிஞ்சுக்குவேன்" என்றார். இத்தனை வருஷத்தில் என்னிடம் சொன்னதில்லை.

நான் தலையைக் குனிய மாட்டேன். கழுத்து வலிக்கும்.

ஜூன் 12, புதன்

காலையில் பிரஷர் பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது?

பல்லடம் ரோட்டில் லாரி மறித்து, பட்டறைக்குள் நுழையும்போது பதினொன்று நாலு. ரூமில் வித்யாசாகர் சார், கதிர்வேல்சாமி, நடுவில் முதலாளி சம்பூரணத்தம்மா. அறுபது வயதிருக்கும். புருஷன் போனபிறகு பட்டறையை அவர்தான் நடத்துகிறார். மூலையில் மயிலாத்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பதினோரு மணிக்குன்னு மெசேஜ் போட்டனுங்களே மேடம்" என்றார் கதிர்வேல்சாமி, கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி. "டைமுக்கு மரியாதை குடுக்கோணும். இதைத்தான் எங்க ஆளுககிட்டயும் சொல்லிட்டிருக்கறன்."

நாலு நிமிஷத்துக்கு இவ்வளவு பேச்சா என்று போனை எடுத்து அந்தத் தகவலைத் திறந்தேன், என்னமோ பதில் சொல்லத்தான். திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

அதில் மணி என்று இல்லை. '11m ku visaranai' என்று இருந்தது.

திங்கட்கிழமை நான் இந்த நோட்டில் 11 மணி என்று எழுதியிருக்கிறேன். கண்ணைத் திறந்துகொண்டு, சந்தேகமே இல்லாமல். m என்றால் நிமிடம் என்று அட்டவணை எழுதின கை இது.

போனைச் சம்பூரணத்தம்மாவின் முன்னால் வைத்தேன். "அம்மா, இதைக் கொஞ்சம் சத்தமாப் படிங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "புதன் காலைல பதினோரு மணிக்கு விசாரணை."

"மணின்னு எங்கீங்கம்மா இருக்குது?"

மறுபடி பார்த்தார். போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "m-ன்னுதான் போட்டிருக்குது."

"இதே m-ஐத்தான் மயிலாத்தாளும் போட்டாங்க. பன்னண்டு m. உங்க மேனேஜர் போட்டா மணி. அவங்க போட்டா கவனக்குறைவா? மேனேஜருக்குத் தெரியல, படிச்ச உங்களுக்குத் தெரியல, எனக்கே தெரியல. அவங்களுக்கு மட்டும் எப்படிங்கம்மா தெரியும்?"

பிறகு அந்தப் பதிவுத் தாளைக் கொடுத்தேன். 10n இரண்டு தடவை, 12m ஒரு தடவை. நிமிஷத்துக்கு n, மணிக்கு m என்று விளக்கினேன். சம்பூரணத்தம்மா தாளைப் பார்த்தார், கதிர்வேல்சாமியைப் பார்த்தார்.

"ஏங் கதிரு, அப்ப நீ எங்களையெல்லாம் பதினோரு நிமிஷத்துல வரச் சொன்னியா?"

கதிர்வேல்சாமி தண்ணி குடித்தார். மூலையில் மயிலாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வித்யாசாகர் சார் குறுக்கே வந்தார். "அம்மா, வாட்ஸப்புல ஆயிரம் போடலாம். மெஷின்னா ஒரு ஸ்டாண்டர்டு இருக்கு. கையேட்டுல தெளிவாப் போட்டிருக்கோம். அவங்க படிக்கல, அவ்வளவுதான்."

"படிச்சனுங்க" என்றாள் மயிலாத்தாள். "மூணு தடவ. அதுல இல்லீங்க."

"இருக்கும்மா. நீ பாத்திருக்க மாட்ட."

"இல்லீங்க சார்."

சம்பூரணத்தம்மா என் பக்கம் திரும்பினார். "புக்கு எழுதுனது நீங்கதானே கண்ணு? இருக்குதா, இல்லையா?"

சார் என்னைப் பார்த்தார். மார்ச் மாதத்துச் சிரிப்பைத் தயாராக வைத்திருந்தார். பேசினால் நீயும் மாட்டுவாய் என்று அதற்கு அர்த்தம். மாட்டிக்கொள்ளத்தானே எட்டரை பஸ்ஸைப் பிடித்தேன்!

"இல்லீங்கம்மா. எழுதியிருந்தேன், நானே எடுத்துட்டேன். இதுகூடத் தெரியாம யாராவது இருப்பாங்களான்னு திமிர்ல எடுத்தேன். சார் பக்கத்துல இருந்தார். ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சோம். இந்த நாலு ரோலும் எங்க கணக்கு. மயிலாத்தா கணக்கு இல்ல."

மயிலாத்தாள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. இருக்க வேண்டியதுதான். பன்னிரண்டு நாள் கூட்டியிருக்கிறாள்.

சம்பூரணத்தம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "மயிலா, துடப்பத்தை வெச்சுட்டு மெஷினுக்குப் போ. கதிரு, பழையபடி ரெண்டு பெட்டி வெச்சுக் குடுக்கற வரைக்கும் இந்த கம்பெனிக்காரங்களை உள்ள உடாதே."

வெளியே வந்ததும் மயிலாத்தாளிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி, உடுங்க" என்றாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "ஏனுங்க, அப்ப மணிக்கு எந்த எழுத்துங்க?" என்றாள். என் பையிலிருந்த தாளைக் கிழித்துப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். மணிக்கு h. நிமிஷத்துக்கு m. நொடிக்கு s. நாளுக்கு d. 41ஆம் பக்கம் அவ்வளவுதான். பேனல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டாள்.

சார் என்னைக் காரில் ஏற்றவில்லை. பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது.

ஜூன் 13, வியாழன்

144/92.

காலை பத்து பத்துக்கு வித்யாசாகர் சாரிடமிருந்து மெயில். ஆபீஸில் பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார், ஆனால் மெயில். வாடிக்கையாளர் முன்னால் கம்பெனியை அவமானப்படுத்தியதற்கு 24h-க்குள் எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் வேலையைப் பற்றி யோசிக்க வேண்டிவரும் என்று. ரெண்டு பெட்டியைத் திரும்பக் கொண்டுவருவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மத்தியானம் முழுவதும் மேஜையைச் சுத்தம் செய்தேன். பிளாஸ்கு, செருப்பு, டிராயரில் கிடந்த மூன்று குடை. இத்தனை குடை எனக்கு எதற்கு?

வீட்டில் சொன்னேன். "எழுதிக் குடுத்துரப் போறியா?" என்று கேட்டார் ஞானசேகரன். இல்லை என்றதும் தட்டில் இன்னொரு தோசை போட்டார். அவர் அப்படித்தான்.

ஜூன் 14, வெள்ளி

138/88. டாக்டர் இதை எப்படிக் குறைத்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏழு மணிக்குப் பாப்பு வந்து நின்றான். வாஷர் கையில். வேலை சரியாக ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. "நான் சொன்னனில்லீங்க்கா, அஞ்சே நிமிஷம்னு" என்றான். அடிக்கக் கை ஓங்கினேன். சிரித்துக்கொண்டே ஓடிவிட்டான்.

எட்டரைக்கு மயிலாத்தாளிடமிருந்து வாட்ஸப். என் மேல் இருந்த கோபமெல்லாம் கரைந்துவிட்டதா, தெரியாது. முதல் தடவையாக மேடம் இல்லை, அக்கா என்று போட்டிருந்தாள். 'அக்கா, நேத்து 12h போட்டேன். காலைல வந்து பாத்தேன். பன்னண்டு மணி நேரம் ஓடி முடிச்சுத்தான் நின்னுருக்குது. கலர் ஒரே மாதிரி.' கீழே கருநீலத் துணியின் படம். ஒரு திட்டு இல்லை. சமையலறையில் நின்றபடி அழுதேன். குழாய் ஒழுகவில்லை, நான்தான்.

ஒன்பதரைக்கு ஆபீஸில் இருந்தேன். கெடு முடிய நாற்பது நிமிஷம். சார் கண்ணாடிக் கதவு வழியாக அடிக்கடி எட்டிப் பார்த்தார். நான் டீ குடித்தேன்.

பத்து ஒன்பதுக்கு அவருடைய மெயிலுக்குப் பதில் எழுதி, சம்பூரணத்தம்மாவுக்கும் ஒரு பிரதி போட்டு அனுப்பினேன். நாலு வரி. அதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

'ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது. 24h-க்குள் மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருக்கிறீர்கள். நம் கையேட்டை மூன்று தடவை புரட்டினேன். h என்றால் என்ன என்று அதில் எங்கும் இல்லை. 41ஆம் பக்கத்தை அச்சடித்து எல்லாப் பட்டறைக்கும் அனுப்பி வையுங்கள், எனக்கும் ஒன்று. படித்துப் பார்த்துவிட்டு எத்தனை நேரம் இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறேன்.'